மதினி சொன்ன சாட்சி

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டுக்கு நான் போனது மதினிக்காகத்தான். சாமி கும்பிடுகிற வீட்டில் பிறந்தவள் நான். வருஷம் தவறாமல் இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குப் போய்ப் பொங்கல் வைக்கிற குடும்பம் எங்களுடையது. மதினி வீடும் அப்படித்தான் இருந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால், ஏன் என்று யாருக்கும் சொல்லாமல், அவள் மட்டும் ஞாயிறு காலையில் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்தாள்.

மதினி என்று கூப்பிட்டாலும் அவள் எனக்கு உறவில்லை. சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்தில் அடுத்தடுத்த தெருக்காரர்கள், தெருமுறையில் பழகிய பேச்சு. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். என்னைப் பட்டாசுக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே அவள்தான். பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்கு வெடிமருந்து செலுத்துவது எப்படி, எவ்வளவு அழுத்தினால் போதும், சேலை முந்தானையை எப்படி இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார வேண்டும் என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கம்பெனி வேனில் ஒரே சீட்டில் போவோம். மத்தியானம் இரண்டு தூக்குவாளியையும் திறந்து நடுவில் வைத்துச் சாப்பிடுவோம்.

"ஒரே ஒரு தடவ வா பிள்ள. இந்த வாரம் நான் சாட்சி சொல்லப்போறேன். நீ அங்கன இருக்கணும்" என்றாள்.

கர்த்தர் தனக்குச் செய்ததை எல்லார் முன்னாலும் எழுந்து சொல்வதற்கு அங்கே சாட்சி என்று பேர். கூட்டத்தில் பேசப் பயப்படுகிறாள், தெரிந்த முகம் ஒன்று எதிரே வேண்டுமென்று நினைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். "நீங்க பேசும்போது சிரிக்கமாட்டேன் மதினி, பயப்படாதீக" என்று கேலிகூடச் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஜெபவீடு என்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை. முன்பு அங்கே தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்குகிற வேலை நடந்தது. இப்போது சுவரில் வெள்ளையடித்து, ஒரு மேடை கட்டி, மைக் வைத்திருந்தார்கள். பெண்கள் இடதுபக்கம் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் தலையில் முக்காடு போட்டிருந்ததால் நானும் பூவை மறைத்து முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். நெற்றிக் குங்குமத்தை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பாஸ்டர் அன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம் மனசுக்குள் போடுகிற திட்டத்தைப் பற்றியது. நான் கவனித்துக் கேட்டேன், பேச்சு நன்றாக இருந்தது. "கையால செஞ்சாத்தான் குத்தமுன்னு நாம நெனக்கோம்" என்றார். "வேதம் அப்படிச் சொல்லல. ஒருத்தனுக்கு எப்படிக் கெடுதல் செய்யலாமுன்னு உக்காந்து யோசிக்கான் பாருங்க, அந்த யோசனையையே கர்த்தர் வெறுக்கார். செஞ்சு முடிக்கிற வரைக்கும் அவர் காத்துக்கிட்டு இருக்கமாட்டார். அந்த யோசனையிலேயே அவனுக்குத் துஷ்டன்னு பேரு வச்சாச்சு."

எங்கள் தெருவில் இரண்டொரு பேருடைய முகம் எனக்கு ஞாபகம் வந்தது. அவர்கள் வந்து கேட்டிருக்க வேண்டிய பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மதினியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கை வாங்கியவள் முதலில் என்னைத் தேடினாள். கண்டதும் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"என்கூட வேல பாக்குற ஒருத்தி" என்று ஆரம்பித்தாள். "நாந்தான் அவளக் கூட்டிட்டுப் போயி சேத்துவிட்டேன். ஆனா அவ பத்தாவது படிச்சிருக்கா. அதனால கண்காணியா அவளத்தான் போடப்போறாகன்னு போன வருஷம் சீசன் சமயத்துல பேச்சு வந்துச்சு. நான் கூட்டியாந்தவ எனக்கு மேல நின்னு வேல வாங்கப்போறாளான்னு எனக்குத் தாங்கல."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. எங்கள் கம்பெனியில் அப்படி எத்தனையோ பேர். நானும் பத்தாவதுதான், என்னைக் கண்காணியாகப் போடுகிற பேச்சும் இருந்தது, பிறகு அது நின்றுபோனது. ஆனாலும் வேறு யாரையோ பற்றிச் சொல்கிறாள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் தன்னைப் பற்றிய கதையைக் கேட்கும்போது அது தன்னுடையது என்று அவ்வளவு சீக்கிரம் தெரிந்துவிடுவதில்லை என்பதை அன்று கண்டுகொண்டேன்.

"அவள வேலைய விட்டு எடுக்க வைக்கணும். என்ன செய்யலாமுன்னு ஒரு வாரமா யோசிச்சேன். எங்க கம்பெனிக்குள்ள தீப்பெட்டி கொண்டுபோனா அம்புட்டுத்தான், அந்த நிமிஷமே வெளிய அனுப்பிருவாக. அவ பையில ஒரு தீப்பெட்டியப் போட்டுட்டா கேட்டுல சோதிக்கும்போது மாட்டிக்கிருவான்னு நெனச்சேன். அவ பையில எந்த அறைய அவ திறக்கிறதே இல்லன்னு பாத்து வச்சேன். அவ வீட்டுக்காரரு பீடி பத்தவைக்க என்ன படம் போட்ட பெட்டி வச்சிருப்பாருன்னு பாத்து, அதே பெட்டிய வாங்குனேன். அப்பத்தான் இல்லைன்னு சொன்னாலும் யாரும் நம்பமாட்டாகன்னு. கேட்டுல சோதிக்கிற பெரியம்மாகிட்ட முந்தின நாளே போயி, சில பேரு கவனமில்லாம தீப்பெட்டி கொண்டாறாக, பாத்து சோதிங்கன்னும் சொல்லிவச்சேன்."

கூட்டத்தில் யாரோ "இயேசப்பா" என்று மெல்லச் சொன்னார்கள். எனக்கு அந்தப் பெண்மேல் பரிதாபமாக இருந்தது. வீட்டுக்காரர் பீடி குடிப்பவர் என்றதும் என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்து போனது.

"வேன்ல போகும்போது போட்டுட்டேன். எறங்கும்போது மழை கொட்டுது. கேட்டுப் பெரியம்மா குடையில்லாம நிக்காக, ஓடுங்க ஓடுங்கன்னு எல்லாரையும் உள்ள விட்டுட்டாக. யாரையும் சோதிக்கல. பை வைக்கிற கொட்டகை ஒழுகுச்சு. அவ பை நனைஞ்சிருமுன்னு ரூமுக்குள்ளயே கொண்டுவந்து ஆணியில மாட்டிட்டா. மருந்து இருக்கிற ரூமு. நாங்க நாலு பேரு. நானும் அங்கனதான் உக்காந்திருக்கேன். என் தலைக்கு மேலதான் அந்தப் பை தொங்குது."

அந்த ஆணி எனக்குத் தெரியும். மழை, ஒழுகிய கொட்டகை, ஆணி. இருந்தும் மனது தப்பிக்கப் பார்த்தது. மழை எல்லாருக்கும்தான் பெய்தது என்றது.

"எனக்கு வாந்தி வந்துச்சு. மருந்தச் சிந்திட்டேன். அவதான் என்னக் கூட்டிட்டுப் போயி மூஞ்சி கழுவிவிட்டா. அவ கொண்டாந்திருந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு தண்ணி குடுத்தா. என் தலையப் பிடிச்சுவிட்டா."

அந்த எலுமிச்சம்பழத்தை எங்கள் வீட்டுக் கொல்லையில் நான்தான் பறித்தேன். ஈரத்தோடு தாளில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். அது நன்றாக நினைவிருக்கிறது.

மீதியை அவள் சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்துபோன பிறகு பையிலிருந்து பெட்டியை எடுத்து, தண்ணீர்த் தொட்டியில் போட்டு, ஊறும்வரை கையாலேயே அமுக்கிப் பிடித்திருந்தாளாம். அன்றைக்கு உயிரோடு வீட்டுக்குப் போனால் உன்னைத் தேடி வருகிறேன் என்று, அதுவரை பெயர்கூடச் சொல்லாத கர்த்தரிடம் அழுதாளாம். அப்படித்தான் ஜெபவீட்டுக்கு வந்தாளாம்.

"ஆண்டவர் என்ன மன்னிச்சிட்டாரு" என்று முடித்தாள். கொட்டகை முழுக்கக் கைதட்டினார்கள். என் பக்கத்திலிருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம்புட்டுப் பெரிய சாட்சி பாருங்க" என்று என் தொடையில் தட்டினாள். நானும் இரண்டு தடவை கைதட்டினேன். ஏன் தட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

எல்லாரும் எழுந்து பாடினார்கள். நான் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த மழைநாளை நான் அதுவரை நல்ல நாளாகத்தான் வைத்திருந்தேன். மதினிக்கு உடம்புக்கு முடியாமல்போன நாள், நான் அவளைப் பார்த்துக்கொண்ட நாள். "பைய எதுக்கு உள்ள கொண்டாந்த, வெளிய வையி பிள்ள" என்று அவள் இரண்டு மூன்று தடவை சொன்னதும், "நனைஞ்சுபோகும் மதினி, நீங்க பேசாம படுங்க" என்று நான் சொன்னதும் ஞாபகத்தில் இருந்தன. ஒவ்வொன்றும் இப்போது புரண்டு வேறு பக்கமாகத் தெரிந்தது.

வெளியே வேலிப் பக்கம் மதினி எனக்காக நின்றாள். முகம் கழுவியவள் மாதிரி தெளிவாக இருந்தாள்.

"நாந்தான" என்றேன்.

"நீதான் பிள்ள. அதுக்குத்தான் வரச்சொன்னேன். தனியா ஒன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரல."

"ஒரு வாரமா யோசிச்சீகளா?"

"ஆமா."

"அந்த வாரம் பூராவும் எங்கூடச் சாப்பிட்டீக."

எனக்கு அதுதான் தாங்கவில்லை. தீப்பெட்டியைப் போட்டது ஒரு நிமிஷ வேலை. கோபத்தில் செய்தாள் என்றால்கூட ஒருவிதமாக விழுங்கியிருப்பேன். ஆனால் ஒரு வாரம். என் வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரர் பீடி பற்றவைப்பதைப் பார்த்து, பெட்டியின் படத்தை மனதில் வைத்துக்கொண்டு, என் கையால் காப்பி வாங்கிக் குடித்திருக்கிறாள். நான் சர்க்கரை போதுமா என்று கேட்டிருப்பேன்.

"என்ன மன்னிச்சிரு பிள்ள. ஆண்டவர் மன்னிச்சிட்டாரு, நீயும் மன்னிச்சிட்டா..."

"ஆண்டவர் அன்னைக்கு அந்த ரூமுல உக்காந்து மருந்து செலுத்தல" என்றேன். "ஒன்னத் தவிர நாங்க மூணு பேரு உக்காந்திருந்தோம். எனக்குச் சொல்லிட்ட. மத்த ரெண்டு பேருக்கு?"

அவளை நீ என்று நான் பேசியது அதுவே முதல் தடவை. இருவருமே அதைக் கவனித்தோம்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். லாரியில் லோடு ஏற்றுகிற வேலை அவருக்கு. கேட்டதும் வாயிலிருந்த பீடியை எடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நடக்கல இல்ல, விட்டுத்தள்ளு. நடக்காததுக்குப் போயி சண்டை போடுவாகளா" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருப்பதுபோலவும் இருந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. வேலை இருந்தது. கம்பெனி இருந்தது. எதுவும் நடக்கவில்லை. ஆனால் சோற்றில் கை வைத்தால் தொண்டைக்குள் இறங்கவில்லை. நடக்காத ஒன்றுக்கு உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது என்று எனக்கே விளங்கவில்லை.

மறுநாள் வேனில் ஏறினதும் பையை மடியில் வைத்துக்கொண்டு எல்லா அறையையும் திறந்து பார்த்தேன். கேட்டில் சோதிப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரி, "என்னத்தத் தொலைச்சீக" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

மத்தியானம் வேப்பமரத்தடியில் மதினியே மற்ற இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஒருத்தி சாத்தூரிலிருந்து வருகிறவள். இன்னொருத்தி அந்த மழைநாளில் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தவள். குழந்தை பெற்று மறுபடி வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மைக் இல்லாமல், கைதட்ட ஆள் இல்லாமல் சொல்ல மதினி மிகவும் கஷ்டப்பட்டாள். பாதியில் இரண்டு முறை நின்றுபோனாள். சாத்தூர்க்காரி முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கையை ஓங்கிவிட்டாள், நான் பிடித்துக்கொண்டேன்.

பிள்ளைக்காரி தூக்குவாளியில் இருந்த சோற்றைக் காக்கைக்குக் கொட்டினாள். குழாயடியில் போய்க் கையைக் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்து மதினியைப் பார்த்து, "எம் பிள்ள வயித்துல இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும்ல. ஒங்க கையால வளையல் போட்டுவிட்டீகளே" என்றாள். அவள் சத்தம் உயரவே இல்லை. அதற்குப்பின் அவளும் மதினியும் பேசி நான் பார்த்ததில்லை.

போர்மேனிடம் சொல்லப்போவது யார் என்று நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, மதினி எழுந்து அவர் இருக்கும் பக்கம் நடந்தாள். நானும் பின்னால் போனேன். போர்மேன் அண்ணாச்சி கத்துகிற மனிதர். செருப்போடு ரூம் பக்கம் வந்தாலே ஊர் கேட்கக் கத்துவார். மதினி சொல்லி முடித்தபோது அவர் கத்தவில்லை. மணல் வாளிகள் வைத்திருந்த திண்டில் அப்படியே உட்கார்ந்தார்.

"அன்னைக்கு மொத்தம் எம்புட்டுப் பேரு உள்ள இருந்தாக தெரியுமா" என்று கேட்டார். பிறகு, "கேட்டுல யாரு நின்னது?" என்றார்.

நாங்கள் மூவரும் யோசிக்காத கேள்வி அது. மதினியும் யோசித்திருக்கவில்லை.

மதினியை அன்றே கணக்கு முடித்து அனுப்பினார்கள். அது அவள் எதிர்பார்த்ததுதான். ஆனால் கேட்டுப் பெரியம்மாவையும் நிறுத்திவிட்டார்கள். புருஷன் இல்லாதவர். கம்பெனி திறந்த காலத்திலிருந்து அந்தக் கேட்டில் நின்றவர். "மழைன்னு பாவம் பாத்து விட்டேன் தாயி. பிள்ளைகள் நனையுதேன்னு விட்டேன்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி நின்றார். என்னைப் பார்த்ததும், "அவ எங்கிட்டயே வந்து பாத்து சோதிங்கன்னு சொன்னாளே, எம்புட்டு அக்கறையான பிள்ளைன்னு நெனச்சேனே" என்றார். அந்த அம்மாளுக்கு யாரும் கெடுதல் நினைக்கவில்லை. மதினியின் யோசனையில் அவர் ஒரு கருவி, அவ்வளவுதான். கடைசியில் மற்ற எல்லாரையும்விட அதிகமாக அடிபட்டது அவர்தான்.

மதினி அதைக் கேள்விப்பட்டு ஓடிவந்தாள். போர்மேன் வீட்டு வாசலில் நின்று, தன்னால் வந்தது, அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாளாம். நடக்கவில்லை. பெரியம்மா விருதுநகரில் மகள் வீட்டோடு போய்விட்டார்.

எனக்கும் அங்கே வேலை ஓடவில்லை. வேலையில் பயம் என்று சொல்ல முடியாது. மருந்தோடு பழகியவர்களுக்கு அந்தப் பயம் ஒரு அளவில் நின்றுவிடும். மனுஷரிடம் வந்த பயம்தான் நிற்கவில்லை. யாராவது பிரியமாக ஒரு வடையை நீட்டினால், இவள் எதற்குத் தருகிறாள் என்று மனது கேட்டது. என்னைச் சுற்றி இருந்தவர்கள் நல்லவர்கள், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டது. அடுத்த சீசன் தொடங்குவதற்குள் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் பைண்டிங் வேலைக்குப் போய்விட்டேன். பிறகு அங்கேயே கம்ப்யூட்டரில் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டேன். எழுத்து என் கைக்கு வந்ததும் அப்படித்தான்.

நடுவில் ஒருநாள் அந்தப் பாஸ்டர் அச்சகத்துக்கு நோட்டீஸ் அடிக்க வந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். அந்த ஒருத்தி நான்தான் என்று மதினி அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தில் பழைய உற்சாகம் இல்லை. "அம்மா, அன்னைக்குச் சாட்சின்னு கேட்டு நானும் சந்தோஷப்பட்டுட்டேன். அந்த ரூமுல நீங்க எத்தன பேரு இருந்தீகன்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார். நான் புரூஃபை நீட்டினேன். அவர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "படிச்சுப் பாருங்க" என்று திருப்பிக் கொடுத்தேன்.

மதினியைப் பிறகு நான் பார்த்தது விருதுநகர் பக்கம் சூலக்கரையில், கலெக்டர் ஆபீஸில், ஒரு திங்கட்கிழமை மனுக்கொடுக்கப் போனபோது. அவளும் ஏதோ பட்டா விஷயமாக வந்திருந்தாள். புங்கமர நிழலில் உட்கார்ந்திருந்தவள் என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டாள். போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. உட்கார்ந்தேன்.

தீப்பெட்டிக் கம்பெனியில் இருப்பதாகச் சொன்னாள். மகன் ஐ.டி.ஐ. படிக்கிறான் என்றாள். பெரியம்மாவை மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பதாகவும், முதலில் கதவைச் சாத்தியவர் இப்போது உட்காரச் சொல்கிறார் என்றும் சொன்னாள். பிறகு தானாகவே சொன்னாள்.

"இப்பல்லாம் ஒருத்தரப் பத்திக் கெட்டதா ஒரு நெனப்பு வந்துச்சுன்னா, உடனே வாய்விட்டுச் சொல்லிருதேன் பிள்ள. அவுக எதிருக்கவே. உள்ள வச்சுக்கிட்டா அது வளந்து கைகால் மொளைச்சிருது. வீட்டுக்காரரு கிறுக்கின்னு திட்டுதாரு. தெருவுல பாதிப்பேரு எங்கூடப் பேசுறதில்ல."

"இப்ப என்னப் பத்தி என்ன தோணுது மதினி?"

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "கம்ப்யூட்டர் வேலையில உக்காந்து வெளுப்பா ஆயிட்ட. கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மனுவை எடுத்துக்கொண்டு எழுந்து, புடவைத் தூசியைத் தட்டிவிட்டு, படியேறிப் போனாள்.